விளம்பலாம் என்று சொன்ன மூக்கு

என்னைக் கட்டிக்கொண்டவருக்குச் சாப்பாட்டு விஷயத்தில் பெரிய ஞானம் உண்டு என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒரு நாள்கூட அடுப்பு பற்றவைத்தது கிடையாது. தோசையைத் திருப்பிப் போடத் தெரியாது. அரிசியில் எது பச்சை எது புழுங்கல் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பந்தி போடுவதற்கு முன்னால் அவரை ஆக்குப்புரைக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். சமையல் நடக்கிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஓலைக்கொட்டகை போய் மண்டபத்துச் சிமெண்டுக் கூடம் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டும். தலைமைச் சமையல்காரர் கரண்டியில் கொஞ்சம் அள்ளி இவர் உள்ளங்கையில் விடுவார். இவர் உடனே நக்கிவிட மாட்டார். கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடி, மார்பு எழும்ப ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு நாக்கு நுனியால் தொட்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். தேங்காய் துருவுகிறவன்கூடத் துருவலை நிறுத்திவிட்டு இவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் “விளம்பலாம்” என்பார். பரிமாறலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் அப்புறம் சமையல்காரரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. புளிசேரி புளிக்கவில்லையா, அவியலில் கத்தரிக்காய் கசக்கிறதா, அது சாப்பிட்டவன் நாக்கில் உள்ள கோளாறு. அண்ணாச்சி பார்த்தாச்சு, அவ்வளவுதான்.

ஊருக்கு இப்படி ஒரு நாள் கூத்து. எனக்கு முப்பது வருடக் கூத்து. வீட்டில் அவர் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் உருண்டை உள்ளே போனதும் தட்டை ஒரு விரலால் இரண்டு அங்குலம் தள்ளி வைப்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. உப்பா, புளியா, வறுத்தது போதாதா என்று நான்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறேன். பிறகு அழுகை நின்று ஒரு கேவலமான பழக்கம் வந்துவிட்டது. குழம்பை இறக்கிவைத்துவிட்டு நான் ருசி பார்ப்பதே கிடையாது. பார்த்தாலும் நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் என் குழம்பின் ருசியைத் தெரிந்துகொள்வேன். என் வாயில் இருந்த நாக்கு சும்மா பேசுவதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கே அவளைப் பிடரியில் ஒன்று போடத் தோன்றுகிறது.

உலகமெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்த அந்தத் தொற்றுக் காய்ச்சல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு கஞ்சியும் காப்பியும் சுடுதண்ணீரும் எனக்கு ஒன்றுபோல இருந்தன. மூக்கு போய்விட்டிருந்தது. நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கூட வந்தவர், தனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த டாக்டர் பெண் பொறுமையாகச் சொன்னாள். நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தானாம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சியிலும் காளானிலும் இருக்கிற ஒரு தனி ருசி. உறைப்பு ருசியே இல்லை, அது வெறும் எரிச்சல். மற்றபடி தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற எங்கள் தீயலுக்கும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம், கருவேப்பிலை, காயம், வறுத்த தேங்காய் எல்லாம் மெல்லும்போது வாய்க்குள்ளிருந்து பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற மணம்தான். நாம் அதை நாக்கின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். “மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு துண்டு ஆப்பிளும் ஒரு துண்டு பச்ச உருளைக்கிழங்கும் தின்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்” என்றாள். காலண்டர் படித்துக்கொண்டிருந்தவர் அப்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கவனித்தேன்.

சில வாரங்களில் எனக்கு மணம் திரும்பி வந்தது. முதலில் வந்தது மல்லிகையும் சந்தனமும் அல்ல, அடுப்படியில் கிடந்த கரித்துணியின் நாற்றம். அன்றைக்கு அதை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இவருக்கு வரவில்லை. வரவில்லை என்று இவர் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகி, நான் மாடியிலிருந்து ஓடி வருகிறேன், இவர் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கண்ணுக்கு முன்னால் புகை வந்த பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் என்னைத் திட்டினார்.

மீன் விஷயம் இன்னும் விசேஷம். வாரத்துக்கு ஒரு நாள் ஸ்கூட்டரில் கடியப்பட்டணம் போய் மீன் வாங்கி வருவது இவர் பழக்கம். செவிளைத் தூக்கி முகர்ந்து பார்த்து, “நேத்தைய மீனு” என்று எல்லோர் முன்னாலும் கூடையில் எறிவார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். இவர் எறிந்த அதே மீனை அந்த மீன்காரி கொஞ்ச நேரம் கழித்து வேறொருத்தி கூடையில் மாற்றிப் போட்டாள். இவர் அங்கே போய் அதை முகர்ந்து, “இது கொள்ளாம்” என்று வாங்கினார். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். மூக்கு நன்றாக இருந்த காலத்திலேயே லட்சணம் அதுதான். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள் நெய்மீன் கொண்டுவந்தார். பையைத் திறந்ததும் வீச்சம் முகத்தில் அடித்தது.

“இது கெட்டுப்போயிட்டு. தூரப் போடுகேன்” என்றேன்.

“ஏட்டி, பச்ச மீனாக்கும். செவிள் பாத்தியா, ரெத்தம் மாதிரி இருக்கு. பொரிச்சுத் தா.”

பொரித்துத் தந்தேன். நான் தொடவில்லை. இவர் முழுவதையும் தின்றார். மறுநாள் பூராவும் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். தேங்காயெண்ணெய் காறிப்போய்விட்டது, அதனால்தான் என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. தீயலுக்குத் தேங்காயை வறுக்காமல் அப்படியே அரைத்து விட்டேன். மல்லியில்லை, கருவேப்பிலையில்லை. நிறத்துக்கு, இனிப்புத் தெரியாத அளவு கருப்பட்டி. எந்தக் குழந்தையும் இது தீயல் இல்லை என்று சொல்லிவிடும். இவர் ஒரு வாய் வைத்தார். மோவாய் மேலே போனது. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உப்பு ஒரு கல்லு கூடுதல்” என்று வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்து சொல்லி, தட்டை இரண்டு அங்குலம் தள்ளினார்.

நாக்குக்கு மிஞ்சியிருந்தது உப்பு புளிப்பு மாதிரி கொஞ்சம்தானே, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு வீட்டிலும் வெளியிலும் இவர் தீர்ப்பெல்லாம் உப்புதான். கல்யாண வீடுகளில் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோவதும், கண்ணை மூடுவதும், மார்பு எழும்புவதும் ஒன்றும் குறையவில்லை, முன்னைவிடக் கூடத்தான் ஆனது. மூடிய கண்ணை ஒரு கீற்றுத் திறந்து, சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொள்வார். அவர்களோ இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் “விளம்பலாம்” வந்துவிடும்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். மூக்கில்லாமல் சாப்பிடுவது என்ன என்று எனக்குத் தெரியும், சில வாரமாவது நானும் அனுபவித்தவள். ஆனால் இரக்கம் வரவில்லை. எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. “எனக்கு மணம் தெரியல்ல, நீ பாத்துச் சொல்லு” என்று அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அடுப்படியில் சொன்னால் போதும். அதைச் சொல்லிவிட்டால், அவருக்கு நான் மூக்காக இருந்து, ஒருத்தருக்கும் தெரியாமல் அவர் மரியாதையைக் காப்பாற்றிக் கொடுத்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போது அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எது எப்படிப் போனாலும் பிரதமன் என்கிற தேங்காய்ப்பால் பாயசம் சரியாக இருக்க வேண்டும். நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சிரித்துக்கொண்டே, “பிரதமன் நல்லா இருந்தாத்தான் பிள்ளைய கூட்டிட்டுப் போவோம், கேட்டியளா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது. என் நாத்தனார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று காலையில் பட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு அவள் ஆக்குப்புரைக்கும் மணமேடைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். தாலி கட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

நான் சும்மா அடைப்பிரதமன் பார்க்கப் போனேன். பெரிய உருளியில் அரிசிமாவு அடைத் துண்டுகளும் சர்க்கரையும் இரண்டாம் பாலும் கொதித்து, ஒன்றாம் பால் விட்டு இறக்கியிருந்தார்கள். வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. அடிப்பிடித்திருந்தது. சும்மா லேசாக இல்லை. சர்க்கரை தீய்ந்து, துணி கருகின வாடை. சமையல்காரர் மேலாக அள்ளி வேறு உருளிக்கு மாற்றி, அதன் தலையில் ஏலக்காயையும் சுக்கையும் கொட்டியிருந்தார். அடிப்பிடித்த உருளி மூலையில் சாக்கு போட்டு மூடி இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தன் தலை தப்பிக்கும் என்றும் தெரியும். கூடத்தில் பால் இருந்தது, சேமியா இருந்தது. இன்னும் நேரம் இருந்தது. வேறு பாயசம் வைக்கச் சொன்னால் வைத்துவிடலாம்.

நான் வெளியே ஓடி, பந்தல் வாசலில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“இஞ்ச பாருங்க. பாயசம் அடிப்பிடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உப்பு புளி ஒண்ணும் சொல்லாண்டாம். சரியில்ல, வேற வைன்னு மட்டும் சொல்லுங்க. நான் சொன்னதா இருக்காண்டாம், நீங்க கண்டுபிடிச்சதாவே இருக்கட்டு.”

இதைவிட ஒருத்தி இறங்கிப் போக முடியுமா? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் தங்கை வந்து கையைப் பிடித்தாள். “அண்ணே, வா. நீ ஒரு வாய் பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்.”

போனார். நானும் பின்னால் போனேன். சொந்தத்துப் பெண்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். சமையல்காரர் கரண்டியால் விட்டார். உள்ளங்கை மூக்குக்குப் போனது. கண் மூடியது. மார்பு எழும்பியது. நாக்கு தொட்டது. மோவாய் மேலே போனது.

“கேமம். விளம்பலாம்” என்றார். பிரமாதமாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவரை மானக்கேடு பண்ண நினைத்து நான் பேசவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தேன், மாப்பிள்ளை வீட்டு மாமா சொன்னதும் ஞாபகம் வந்தது. “அடிப்பிடிச்சிருக்கு. அந்த சாக்கைத் தூக்கிப் பாருங்க” என்று சத்தமாகவே சொன்னேன்.

யாரும் சாக்கைத் தூக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழகினது. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, செத்த வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

“அவ சொல்லுகதப் பெருசா எடுக்காதுங்கோ. அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு அவளுக்கு மூக்கு சரியில்ல. மணம் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் மாறித்தான் தெரியும். வீட்டுக் கொறைய வெளிய சொல்லாண்டாம்னு இருந்தேன்.”

நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அதுதான், ஆனால் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார்.

“ஐயோ மைனி” என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? எவ்வளவு நாளா?”

“எனக்கு ஒண்ணுமில்லட்டி. எனக்கு எல்லாம் தெரியுது. உன் தலையில பிச்சிப்பூ மணக்கு.”

“பூவு கண்ணுக்குத் தெரியுதுல்லா மைனி” என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல.

“உன் பட்டுல அந்துருண்ட மணக்கு.”

“பெட்டியில இருந்து எடுத்த பட்டுல வேற என்ன மணக்கும்?” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

“இந்தாளு இப்பத்தான் பீடி குடிச்சிட்டு வந்திருக்கான்” என்று சமையல்காரரைக் காட்டினேன்.

“அவரு பீடி குடிக்காம இருந்தாத்தான் அதிசயம்” என்று எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரரும் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றொருவர் கண்ணைக் கேட்டு என் கண்ணை நிரூபிக்கலாம். ஒரு சத்தம் கேட்டதா என்று இன்னொருவரைக் கேட்கலாம். என் மூக்குக்குள் நடப்பதை நான் எதைக் காட்டி நிரூபிப்பேன்? அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் முகத்தில் ஒரு மூக்கு இருந்தது. அந்தத் தீய்ந்த வாடை அத்தனை மூக்கிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தி லேசாக மூக்கை உறிஞ்சியதைக்கூடப் பார்த்தேன். ஆனால் மூக்கு சொல்வதைக் காது ஒத்துக்கொண்டால்தானே அது மணம்? காதில் “விளம்பலாம்” விழுந்தாகிவிட்டது.

பந்தி போட்டார்கள். நான் மாப்பிள்ளை வீட்டு வரிசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். இப்போது பார்ப்போம், களியக்காவிளைக்காரர்கள் துப்பாமல் விட மாட்டார்கள் என்று காத்திருந்தேன். பருப்பு போனது, சாம்பார் போனது, புளிசேரி போனது. பிரதமன் வந்தது. விளம்புகிற பையன்களிடம் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்போல, “அண்ணாச்சி பாத்துக் கேமம்னு சொன்ன பாயசமாக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்கள். இலையில் பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து எல்லோரும் வழித்தார்கள். எதிரே இருந்த ஒரு அம்மாளின் உதடு முதல் வாயிலேயே கோணியது. நான் நிமிர்ந்தேன். அவள் பக்கத்து இலைக்காரியைப் பார்த்தாள். அவளும் இவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அடுத்தவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. கோணின உதடு நேராகிவிட்டது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள்.

கடைசியில் அந்த மாமா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பிரதமன் கொள்ளாம். விறகடுப்பில வச்சதா? அந்த ஒரு மணம் உண்டு, கேட்டியளா.”

சமையல் முழுவதும் கேஸ் அடுப்பில் நடந்தது. “ஆமா, விறகுதான்” என்றார் என் புருஷன்.

அதற்குப் பிறகு பந்தலில் எல்லோருக்கும் விறகு மணம் வந்துவிட்டது. விறகடுப்பு விறகடுப்புதான் என்று ஒருவர் சொல்ல, மாமர விறகா புளிய விறகா என்று இன்னொருவர் சந்தேகம் கேட்டார். புளியாம். வாசனையிலேயே தெரிகிறதாம். எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் வந்த அருவருப்பைச் சொல்லி மாளாது. நாயைக் கூப்பிட்டு ஒரு கரண்டி வைத்திருந்தால் முகர்ந்துவிட்டுப் போயிருக்கும். அதற்குச் சொந்தக்காரர்கள் இல்லை, அதனால் மூக்கு சரியாக வேலை செய்கிறது. மனுஷனுக்குத்தான் முதலில் பக்கத்து இலையைப் பார்த்துவிட்டுப் பிறகு நாக்கைக் கேட்க வேண்டியிருக்கிறது. பெண்ணைச் சந்தோஷமாக அழைத்துக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

குறையெல்லாம் என் மேல்தான் வந்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. முன்னறையில் இருந்து இவர்தான் எடுத்துப் பேசினார். “ஆமா, சுத்தமா போயிட்டு... என்ன செய்ய... இல்ல, அவ காட்டிக்கிட மாட்டா...” என்று தொண்டை கம்மப் பேசிக்கொண்டிருந்தார். முதலில் நடிப்பு என்று நினைத்தேன். நான்காவது ஐந்தாவது போனில் அந்தக் குரலில் நடிப்பு இல்லை. மனைவிக்கு மூக்கு போய்விட்ட ஒரு மனிதனின் துக்கம்தான் இருந்தது. தனக்குப் போன மூக்குக்கு வராத துக்கம் என் மூக்கு போனதாக வைத்துக்கொண்டதும் வந்துவிட்டது.

பிறகு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். முப்பது வருடத்தில் அவர் அடுப்படிக்குள் வந்து நின்றது அபூர்வம். “ஒரு நாள் டாக்டர்ட்ட போவமா?” என்றார், மெதுவாக.

“போங்க” என்றேன்.

அவர் போன பிறகு காயத்து டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். மணத்தது. காப்பிப்பொடி மணத்தது. ஆனால் அதற்குள் ஒரு யோசனை வந்து ஒட்டிக்கொண்டது. டப்பாவைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே முகர்ந்தேன்? காயம் என்று தெரிந்ததால் காயம் மணக்கிறதோ? நேற்று அத்தனை பேருக்கும் இல்லாத விறகு மணத்ததே. கண்ணை மூடிக்கொண்டு டப்பாக்களைத் தடவினேன். பிரயோஜனமில்லை. எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர் டப்பாக்கள்தான், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். இன்னொருவர் மாற்றி எடுத்து நீட்டினால்தான் உண்டு. வீட்டில் இருந்தது அவர் ஒருவர்.

வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். “கண்ண மூடிக்கிடுகேன். ஏதாவது ஒரு டப்பாவ எடுத்துத் தெறந்து நீட்டுங்க.”

அவர் மறுக்கவில்லை. அலமாரியில் டப்பாக்கள் உரசுகிற சத்தம் கேட்டது. மூடி திறந்தது. என் மூக்குக்குக் கீழே குளிர்ச்சியாக வட்டமாக ஒன்று வந்து நின்றது. மூச்சை இழுத்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது.

“கிராம்பு” என்றேன்.

மூடி அழுந்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “ஏலக்காயாக்கும்” என்றார்.

கண்ணைத் திறந்தேன். டப்பாவை மூடி, மற்ற டப்பாக்களோடு அலமாரியில் வைத்துவிட்டிருந்தார். அவர் கை காலியாக இருந்தது. “பரவாயில்ல, மெதுவா சரியாயிரும்” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனார். மறுபடி போன் அடித்தது.

அது கிராம்புதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்று, இதை எழுதும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.